இணையத்தில் விற்பவர்களுக்கு: ஆன்லைன் பேமெண்ட் சேவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக இணையத்தில் விற்று வருகிறேன். முதலில் கையால் செய்த பொருட்கள், அப்புறம் மின்நூல்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே ‘கமிஷன்’ என்று சொல்வது பேமெண்ட் சேவை உங்களிடம் பிடித்துக்கொள்ளும் தொகையை.

பேமெண்ட் சேவை உண்மையில் என்ன வேலை செய்கிறது?

வாங்குபவர் கார்டு எண்ணைப் போட்டு பொத்தானை அழுத்துகிறார், உங்களுக்கு ‘பணம் வந்தது’ என்று மெயில் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வாங்குபவரின் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்பு, விற்பவர் பக்கத்து வங்கி, பேமெண்ட் சேவை என்று நான்கு பேராவது இருக்கிறார்கள். இத்தனை பேரோடும் நீங்கள் தனித்தனியாக ஒப்பந்தம் போட வேண்டியதில்லை என்பதுதான் சேவையின் முதல் பயன்.

இரண்டாவது பயன்தான் பெரியது. முன்பின் தெரியாத இருவர் ஒருவரையொருவர் நம்ப வேண்டிய அவசியத்தை இது குறைக்கிறது. பேபால் என்ற பேமெண்ட் சேவையின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1998-ல் கான்ஃபினிட்டி என்ற பெயரில் வேறு வேலைக்காக ஆரம்பித்த நிறுவனம் அது. இபே என்ற இணைய ஏலத் தளத்தில் பொருள் வென்றவர்கள் செக்கும் மணி ஆர்டரும் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்த காலத்தில், விற்பவர்களே இந்தச் சேவையைப் பிடித்துக்கொண்டார்கள். 2002-ல் இபே அதை 150 கோடி டாலருக்கு வாங்கியது. தெரியாதவரிடமிருந்து பத்திரமாகப் பணம் வாங்க ஒரு வழி வேண்டும் என்ற தேவை அவ்வளவு பெரிதாக இருந்தது.

வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து நேரடியாக வாங்கினால் போதாதா?

சில சமயம் போதும், அதுவே நல்லதும்கூட. தெரிந்த வாடிக்கையாளர், பெரிய தொகை, மாதாமாதம் ஆர்டர் தரும் மொத்த வியாபாரி என்றால் நான் வங்கிப் பரிமாற்றத்தைத்தான் கேட்பேன். செலவு குறைவு, வந்த பணத்தை யாரும் எளிதில் திரும்ப இழுக்க முடியாது. இந்தியாவில் 2016-ல் வந்த யுபிஐ, பிரேசிலில் 2020-ல் வந்த பிக்ஸ் போன்றவை இதையே நொடிக்கணக்கில் செய்கின்றன.

ஆனால் உங்களை முதல்முறை பார்ப்பவரின் இடத்திலிருந்து யோசியுங்கள். பணம் போய்விட்டால் போனதுதான் என்று அவருக்குத் தெரியும், அதனால் தயங்குவார், பாதிப் பேர் பேசாமல் வெளியேறிவிடுவார்கள். எளிதில் திரும்ப இழுக்க முடியாது என்பது உங்களுக்கு எவ்வளவு லாபமோ அவருக்கு அவ்வளவு பயம். பேமெண்ட் சேவையின் நன்மை, தீமை இரண்டுமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: வாங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்புக்கு உண்டான செலவை ஏற்பது விற்பவர். அதை ஏற்பதால்தான் உங்களுக்கு அந்த விற்பனையே நடக்கிறது.

கமிஷன் எவ்வளவு போகும்?

நாட்டுக்கு நாடு, சேவைக்குச் சேவை மாறும், ஆனால் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு சதவீதம், அதோடு ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு நிலையான சிறுதொகை. அமெரிக்காவில் ஸ்ட்ரைப் என்ற பேமெண்ட் சேவை பல காலமாகச் சொல்லிவரும் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் என்ற கணக்கை வைத்துப் பார்ப்போம். 100 டாலர் பொருளுக்கு 3.20 போகும். 5 டாலர் பொருளுக்கு சதவீதத்தில் 14.5 சென்ட், நிலையான 30 சென்ட், ஆக 44.5 சென்ட், அதாவது கிட்டத்தட்ட 9 சதவீதம்! மலிவான பொருள் விற்பவரைக் கடிப்பது சதவீதம் இல்லை, அந்த நிலையான தொகைதான். மூன்று நான்கு பொருளைச் சேர்த்து ஒரு தொகுப்பாக விற்றால் அந்தத் தொகை ஒருமுறைதான் போகும், இதை எத்தனையோ பேர் கவனிப்பதில்லை.

இன்னொன்று, கமிஷனை விலையோடு ஒப்பிடாதீர்கள், லாபத்தோடு ஒப்பிடுங்கள். 100-க்கு விற்று 15 மிஞ்சுகிறது என்றால் 3 என்பது உங்கள் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

ரீஃபண்ட் கொடுத்தால் கமிஷனும் திரும்பி வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. பேபால், ஸ்ட்ரைப் இரண்டிலும் பொதுவாக வராது. வாங்குபவருக்கு முழுத் தொகையும் போகும், கமிஷன் உங்கள் கையிலிருந்து போனதுதான். துணி, காலணி மாதிரி அடிக்கடி திரும்பி வரும் பொருட்களை விற்பவர்கள் இதைக் கணக்கில் சேர்த்தே விலை வைக்க வேண்டும்.

அந்தக் கமிஷனை வாங்குபவரிடமே தனியாக வாங்கிக்கொள்ளலாமா?

பல இடங்களில் சட்டம் விடாது, சட்டம் விட்டாலும் சேவையின் விதிமுறை விடாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண நுகர்வோர் கார்டுகளுக்கு மேற்கட்டணம் வசூலிப்பது 2018 ஜனவரியிலிருந்து தடை. அனுமதி உள்ள இடத்திலும் நான் செய்யமாட்டேன், கடைசித் திரையில் தொகை கூடுவதைப் பார்த்தால் யாருக்குமே எரிச்சல் வரும். விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

சார்ஜ்பேக் என்றால் என்ன? ரீஃபண்டும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்று இல்லை. ரீஃபண்ட் நீங்கள் கொடுப்பது. சார்ஜ்பேக் உங்களைக் கேட்காமல் எடுப்பது. வாங்குபவர் தன் வங்கியிடம் ‘இது நான் வாங்கியதில்லை’ அல்லது ‘பொருள் வரவே இல்லை’ என்று சொல்கிறார், வங்கி பணத்தை முதலில் திரும்ப இழுத்துவிடுகிறது, உங்கள் பக்க நியாயத்தை அப்புறம்தான் கேட்கிறது.

இதை யாரோ விற்பவர்களைக் கஷ்டப்படுத்தக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். தவறான கிரெடிட் கார்டு கணக்குகளை எதிர்த்துக் கேட்கும் உரிமையை அமெரிக்கா 1974-ல் சட்டமாகவே கொண்டுவந்தது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் மக்கள் தைரியமாகத் தெரியாத தளத்தில் கார்டு எண்ணைப் போடுகிறார்கள்.

ஆனால் கணக்கு கொடூரமானது. 100-க்கு விற்கிறீர்கள், பொருளின் அடக்கம் 80 என்று வையுங்கள். கமிஷன் 3.20 போக ஒரு விற்பனையில் மிஞ்சுவது 16.80. ஒரு சார்ஜ்பேக் வந்து தோற்றால் பொருள் போனது 80, போன கமிஷன் 3.20, அதற்கு மேல் சேவை பிடிக்கும் தகராறுக் கட்டணம் 15 என்று வைத்தால் மொத்த இழப்பு 98.20. அதை ஈடுகட்ட இன்னும் ஆறு பொருள் விற்க வேண்டும். ஆறு பேருக்கு உழைத்ததும் ஒரே ஆளோடு போயிற்று.

காலக்கெடுவும் நீளம். விசா கார்டுகளில் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் வரை இடம் உண்டு, பேபாலில் வாங்குபவர் பணம் கொடுத்து 180 நாள் வரை புகார் எழுப்பலாம். ஐரோப்பாவில் செபா நேரடிப் பற்று என்று, வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து விற்பவரே பணத்தை எடுத்துக்கொள்ளும் ஒரு முறை இருக்கிறது, அதில் முதல் 8 வாரத்துக்குள் வாங்குபவர் காரணமே சொல்லாமல் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே திரையில் ‘பணம் வந்தது’ என்று காட்டினாலும் அது முழுசாக உங்கள் பணமாக மாற மாதக்கணக்கில் ஆகிறது. புதிதாக வருபவர்கள் மனதில் வைக்க வேண்டிய ஒரே விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நான் நேர்மையாகத்தானே விற்கிறேன், எனக்கும் வருமா?

வரும். திருட்டு கார்டில் வாங்கியிருப்பார்கள், உண்மையான சொந்தக்காரர் புகார் கொடுப்பார், அதில் அவர் பக்கம்தான் நியாயம். வீட்டில் பிள்ளை அப்பாவின் கார்டில் வாங்கியிருக்கும். சிலர் பொருளையும் வாங்கிக்கொண்டு பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளும் எண்ணத்தோடே வருவார்கள்.

ஆனால் கொஞ்சமும் தீய எண்ணம் இல்லாமல் வருகிற சார்ஜ்பேக்குகளும் நிறைய, அவற்றைத் தடுப்பதும் சுலபம். கார்டு ஸ்டேட்மெண்டில் உங்கள் கடையின் பெயருக்குப் பதிலாக வாங்குபவர் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனப் பெயர் நிற்கும். பதறிப்போய் ‘யாரோ என் கார்டைத் திருடிவிட்டார்கள்’ என்று வங்கிக்குப் போன் செய்வார். ஸ்ட்ரைப்பில் இந்தப் பெயருக்கு 22 எழுத்துதான் இடம், அந்த இடத்தில் உங்கள் கடையின் பெயரை ஆளுக்குப் புரிகிற மாதிரி வையுங்கள். எனக்கு வந்த முதல் சார்ஜ்பேக் இதனால் வந்ததுதான். அந்த அம்மா பிறகு மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினார், ஆனாலும் தகராறுக் கட்டணம் திரும்பி வரவில்லை.

அப்புறம், உங்களைத் தொடர்புகொள்ளும் வழி கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும். உங்களிடம் ரீஃபண்ட் கேட்பது வங்கியைக் கூப்பிடுவதைவிடச் சுலபமாக இருந்தால் பெரும்பாலானவர்கள் உங்களிடம்தான் வருவார்கள்.

சார்ஜ்பேக்கை எதிர்த்து ஜெயிக்க முடியுமா?

முடியும், ஆதாரம் இருந்தால். பதில் சொல்லத் தருவது குறைந்த நாட்கள்தான், அதனால் ஆதாரத்தை விற்கும்போதே சேர்த்து வைக்க வேண்டும், தகராறு வந்த பிறகு தேட ஆரம்பித்தால் காலம் கடந்திருக்கும். ‘வரவில்லை’ என்ற புகாருக்கு, வாங்குபவர் கொடுத்த அதே முகவரியில் சேர்ந்ததைக் காட்டும் ட்ராக்கிங் எண் வேண்டும். தொகை பெரிதானால் கையொப்பமும் வேண்டும், அமெரிக்காவில் பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு (தகுந்த ஆதாரம் இருந்தால் இப்படிப்பட்ட புகாரின் நஷ்டத்தை உங்கள் தலையில் விடாத ஏற்பாடு) 750 டாலரிலிருந்து கையொப்பம் கேட்கிறது. ‘சொன்ன மாதிரி இல்லை’ என்ற புகாருக்கு, விற்றபோது பக்கத்தில் இருந்த வர்ணனையும் படங்களும்தான் சாட்சி. ஒரு கீறல் இருந்தால் அதையும் எழுதிப் படம் போடுங்கள்.

மின்நூல், மென்பொருள், வகுப்பு மாதிரியானவற்றை விற்பவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். பார்சலே இல்லை, அதனால் எந்த நேரத்தில் எந்த ஐபி முகவரியிலிருந்து (அவரது இணைய இணைப்பின் எண்) இறக்கினார், எத்தனை முறை உள்ளே வந்தார் என்ற பதிவுகளைத்தான் நம்ப வேண்டும். இப்படிப்பட்ட பொருட்களுக்கு எந்தச் சேவையின் பாதுகாப்பு எதுவரை பொருந்தும் என்று சேருவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

சின்னத் தொகைக்கு நான் சண்டை போடுவதில்லை. புகார் இன்னும் வங்கிக்குப் போகாத நிலையில் இருந்தால் உடனே ரீஃபண்ட் கொடுத்து முடித்துவிடுவேன். கௌரவம் பார்த்தால் கட்டணம்தான் கூடும், கணக்கில் சார்ஜ்பேக் எண்ணிக்கையும் ஏறும்.

ஓடிபி கேட்கும் பக்கம் வந்தால் வாங்குபவர் ஓடிவிடமாட்டாரா?

சிலர் ஓடிவிடுவார்கள்தான். ஆனால் 3டி செக்யூர் என்ற அந்தக் கூடுதல் சரிபார்ப்பு முடிந்து நடந்த விற்பனையில், ‘இது நான் செய்ததில்லை’ என்ற வகைப் புகாரின் நஷ்டம் பொதுவாக உங்களிடமிருந்து கார்டு கொடுத்த வங்கிக்கு மாறிவிடும். ‘பொருள் வரவில்லை’, ‘சரியில்லை’ என்ற புகார்களுக்கு இது உதவாது. சரிபார்ப்பு கட்டாயமில்லாத நாடுகளில் விற்பவர்கள் விலை உயர்ந்த ஆர்டர்களுக்காவது இதை இயக்கி வைக்கலாம்.

திடீரென்று கணக்கை முடக்கிவிடுவார்களாமே, உண்மையா?

உண்மை. என்னைக் கேட்டால் சிறு விற்பனையாளருக்கு கமிஷனைவிட, சார்ஜ்பேக்கைவிடப் பெரிய ஆபத்து இதுதான், ஏனென்றால் சார்ஜ்பேக் ஒரு விற்பனையின் பணத்தைத் தொடுகிறது, முடக்கம் எல்லாப் பணத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறது.

ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். முன்பெல்லாம் கார்டில் பணம் வாங்க வேண்டுமென்றால் வங்கியில் விண்ணப்பித்து, வியாபாரத்தின் ஆவணங்களைக் காட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து வணிகக் கணக்கு திறக்க வேண்டும். இன்றைய சேவைகளில் பத்து நிமிடத்தில் திறக்கலாம். அவை ஆயிரக்கணக்கான விற்பவர்களைத் தங்கள் பெயரின் கீழ் ஒரே குடையில் சேர்த்துக்கொள்வதால் இது முடிகிறது. ஆனால் வாசலில் செய்யாத சோதனையை எங்காவது செய்துதானே ஆக வேண்டும்? பணம் வர ஆரம்பித்த பிறகு செய்கிறார்கள். நீங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டால் பின்னால் வரும் சார்ஜ்பேக்குகளைச் சேவைதான் கட்ட வேண்டும், அதனால் சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்திவிட்டுத்தான் கேள்வி கேட்கும்.

எது சந்தேகத்தைக் கிளப்பும்? விற்பனை திடீரென்று பல மடங்கு ஏறுவது, வழக்கத்தைவிடப் பெரிய தொகைகள், பதிவு செய்தது ஒரு பொருள், விற்பது வேறு பொருள் என்ற நிலை, பணத்தை இன்று வாங்கிக்கொண்டு பொருளை மூன்று மாதம் கழித்து அனுப்பும் முன்பதிவுகள், இவையெல்லாம்தான். எனக்கும் ஒருமுறை ஒரே வாரத்தில் வழக்கமான ஆர்டரைப்போல பத்து மடங்கு வந்தது, சந்தோஷத்தில் இரவெல்லாம் பார்சல் கட்டினேன், மறுநாள் காலை பணம் எடுக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. அடையாள ஆவணம், கொள்முதல் ரசீது, ட்ராக்கிங் எண்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாம் கொடுத்தும் மூன்று வாரம் ஆயிற்று, அதற்குள் மூலப்பொருள் தந்தவருக்குக் கடன் சொல்ல வேண்டியதாயிற்று. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, முன்கூட்டியே ஒரு வரி எழுதிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பெரிய விளம்பரமோ புதுப் பொருளோ வரப்போகிறது என்றால் முன்னாலேயே அவர்களுக்கு எழுதிவிடுங்கள். கொள்முதல் ரசீதுகளை ஒரே இடத்தில் வையுங்கள். கணக்கில் உள்ள பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

முழு முடக்கம் இல்லாமல், ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து சில மாதம் கழித்து விடுவிக்கும் முறையும் உண்டு, ரிசர்வ் என்பார்கள். பேபால் கணக்கை நிரந்தரமாகக் கட்டுப்படுத்தினால் மீதிப் பணத்தை 180 நாள் வரை வைத்திருக்கலாம். இதைவிடக் கடுமையானது மாஸ்டர்கார்டின் ‘மேட்ச்’ பட்டியல். அதிக சார்ஜ்பேக், மோசடி போன்ற காரணங்களுக்காகக் கணக்கு மூடப்பட்ட விற்பவர்களின் பெயர் அதில் 5 வருடம் இருக்கும், வேறு எங்கே விண்ணப்பித்தாலும் அவர்கள் அதைப் பார்ப்பார்கள். சார்ஜ்பேக்குகளை அலட்சியமாக விடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சேவையின் கணக்கில் எவ்வளவு பணம் விட்டு வைக்கலாம்?

அடுத்த சில வாரத்தில் வரக்கூடிய ரீஃபண்டுகளுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. மற்றதைத் தினமும் அல்லது வாரம் ஒருமுறை வங்கிக்கு மாற்றும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். பேமெண்ட் சேவையில் உள்ள பணம் பல இடங்களில் வங்கி வைப்புக்கு உள்ள காப்பீட்டுக்குள் வராது. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் தன் கணக்கில் 190 கோடி யூரோ இல்லை என்று ஒப்புக்கொண்டு சில நாட்களிலேயே திவால் மனு போட்டது. பங்குச் சந்தையின் முதல்தரப் பட்டியலில் இருந்த நிறுவனம் அது. உடனே பிரிட்டனில் அதன் கிளை நிறுவனத்தைக் கட்டுப்பாட்டாளர் சில நாள் நிறுத்தி வைக்க, அதை நம்பி இயங்கிய வேறு செயலிகளின் வாடிக்கையாளர்கள் தங்கள் பணத்தையே தொட முடியாமல் நின்றார்கள்.

விற்பவர்களைக் குறிவைக்கும் மோசடிகள் எவை?

முதலில் போலி ரசீது. ‘பணம் செலுத்தப்பட்டது, பொருளை அனுப்பினால் விடுவிக்கப்படும்’ என்று சேவையின் சின்னத்தோடு மெயில் வரும், அல்லது ஸ்கிரீன்ஷாட் வரும். மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல் நீங்களே செயலியைத் திறந்து பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த அவசரத்திலும் இதை விடாதீர்கள்.

அடுத்தது அதிகமாகக் கொடுப்பது. 100-க்கு வாங்கிவிட்டு 300 அனுப்புவார், ‘தவறுதலாகக் கூடிவிட்டது, மீதி 200-ஐ வேறு கணக்குக்கு அனுப்புங்கள்’ என்பார், நல்ல மனசோடு நீங்கள் அனுப்புவீர்கள். அந்த 300 திருட்டு கார்டிலிருந்து வந்தது, சில வாரத்தில் திரும்ப இழுக்கப்படும். நீங்கள் அனுப்பிய 200 போனது போனதுதான். ரீஃபண்ட் எப்போதும் பணம் வந்த வழியிலேயே, அதே பரிவர்த்தனையின் மேல்தான் போக வேண்டும்.

பணம் கட்டிய பிறகு ‘வேறு முகவரிக்கு அனுப்புங்களேன்’ என்று கெஞ்சுவது மூன்றாவது. மாற்றி அனுப்பினால் உங்கள் பாதுகாப்பு அங்கேயே முடிந்தது. ஆர்டரை ரத்து செய்து சரியான முகவரியோடு புதிதாகப் போடச் சொல்லுங்கள். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், ஆனால் ஆன்லைனில் பணம் கட்டுகிறேன் என்பவரிடமும் கவனம் வேண்டும், ட்ராக்கிங் எண் இல்லாததால் ‘வரவில்லை’ என்று அவர் புகார் கொடுத்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. நேரில் வந்தால் நேரிலேயே பணம்.

கமிஷனை மிச்சம் பிடிக்க, பேபாலில் சொந்தப் பரிமாற்றத்துக்காக உள்ள ‘நண்பர்கள், குடும்பத்தினருக்கு’ என்ற வழியில் அனுப்பச் சொல்லும் விற்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வாங்குபவருக்குப் பாதுகாப்பு போகிறது, உங்களுக்கும் விற்பனையாளர் பாதுகாப்பு கிடையாது, விதிமீறல் என்பதால் கணக்கும் போகலாம்.

ஒரே நிமிடத்தில் சின்னச் சின்னத் தொகைக்கு ஐம்பது பேமெண்ட் வந்து பெரும்பாலும் தோல்வி அடைந்திருக்கிறது. யார் இவர்கள்?

ஆட்கள் இல்லை, நிரல். திருடிய கார்டு எண்களில் எது உயிரோடு இருக்கிறது என்று உங்கள் கடையில் சோதித்துப் பார்க்கிறார்கள். நன்கொடைப் பக்கங்களும் ‘விருப்பமான தொகை’ பக்கங்களும் இதற்கு அதிகம் சிக்கும். வெற்றி பெற்றவற்றை உடனே ரீஃபண்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் சார்ஜ்பேக்காகத் திரும்பி வரும். அப்புறம் கேப்ட்சா (வந்திருப்பது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை), குறைந்தபட்சத் தொகை, ஒரே இடத்திலிருந்து எத்தனை முயற்சி என்ற வரம்பு ஆகியவற்றைப் போடுங்கள்.

கார்டு எண்ணை மெயிலிலோ போனிலோ வாங்கி நானே எழுதி வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. கார்டு விவரத்தைத் தொடுபவர்கள் எல்லோருக்கும் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு விதித்தொகுப்பு உண்டு, 2004-ல் வந்தது, கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பரிவர்த்தனை முடிந்த பிறகு யாருமே சேமிக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. சேவை தரும் பேமெண்ட் பக்கத்துக்கே வாங்குபவரை அனுப்பிவிட்டால் எண் உங்கள் கணினிக்கு வருவதே இல்லை, உங்கள் மேலுள்ள சுமையும் ஒரு சுருக்கமான கேள்விப் படிவமாகக் குறைந்துவிடும். சிறு விற்பனையாளருக்கு இந்தச் சேவைகளின் நன்மைகளில் இதை நான் மிக உயரத்தில் வைப்பேன்.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்களுக்கு?

கமிஷனோடு இரண்டு செலவு கூடும்: வெளிநாட்டுக் கார்டுக்கான கூடுதல் சதவீதம், நாணய மாற்று. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அது கட்டணமாக இல்லாமல் சந்தை விகிதத்தைவிடக் குறைந்த மாற்று விகிதமாக வரும். அன்றைய சந்தை விகிதத்தைத் தேடிப் பார்த்து, உங்களுக்கு வந்ததோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

பிட்காயின் மாதிரியான கிரிப்டோவில் பணம் வாங்கலாமா?

சார்ஜ்பேக் கிடையாது என்பது உண்மை. ஆனால் இன்று வாங்கிய நாணயத்தின் மதிப்பு நாளை என்னவாகும் என்று தெரியாது, நாணயம் அனுப்பும் முகவரியில் ஒரு தவறு நேர்ந்தால் மீட்கவும் வழியில்லை. சொந்தத் தொழிலின் சம்பாத்தியத்தை அதில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சந்தா மாதிரி மாதாமாதம் எடுப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைக்காதீர்கள். ரத்து செய்யத் தெரியாதவர் வங்கிக்குத்தான் போவார். இலவசக் காலம் முடியும் முன்பும், வருடச் சந்தா புதுப்பிக்கும் முன்பும் ஒரு மெயில் அனுப்புங்கள். அதைப் பார்த்துச் சிலர் விலகுவார்கள், விலகட்டும், அவர்கள் எப்படியும் புகாராகத் திரும்பி வந்திருப்பார்கள்.

எந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பது? ஒன்று போதுமா?

கமிஷன் பட்டியலை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முன் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பொருள் அதில் இருந்தால், அல்லது அதன் ஓரத்தில் இருந்தால், இன்று கணக்கு திறந்தாலும் ஒருநாள் மூடுவார்கள். அப்புறம் பணம் எத்தனை நாளில் வங்கிக்கு வரும், பிரச்சினை என்றால் மனிதரோடு பேச முடியுமா, சேமித்த கார்டு விவரங்களை வேறு சேவைக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். சந்தா விற்பவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வி உயிர்நாடி. மாற்றித் தரவில்லையென்றால் நீங்கள் விலகும் நாளில் எல்லா வாடிக்கையாளரும் கார்டு எண்ணை மறுபடி தட்ட வேண்டும்.

மாதத்துக்கு நான்கைந்து விற்பனை என்றால் ஒன்று போதும். வீட்டுச் செலவே அந்த வருமானத்தில்தான் ஓடுகிறது என்றால் இரண்டாவது ஒன்றைத் திறந்து, சரிபார்ப்பையெல்லாம் முடித்து, மாதம் சில விற்பனையையாவது அதன் வழியாக விடுங்கள். முதல் கணக்கு முடங்கிய அன்று புதிதாக ஒன்றைத் திறந்து, அதே நாளில் பெரிய தொகைகளை அதில் வாங்கினால் அதுவும் சந்தேகத்தில் முடங்கும்.

சரி, கணக்கு திறந்துவிட்டேன். முதல் ஆர்டருக்கு முன் என்ன செய்வது?

ஒரு நண்பரிடம் உங்கள் கடையில் மிக மலிவான பொருளை வாங்கச் சொல்லுங்கள் (நீங்களே உங்கள் கார்டில் வாங்குவதைச் சில சேவைகள் அனுமதிப்பதில்லை). அவர் திரையில் என்ன பார்த்தார், எங்கே தடுமாறினார் என்று கேளுங்கள். வந்த தொகையில் எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதி வையுங்கள், வங்கிக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். பிறகு அந்தப் பணத்தை ரீஃபண்ட் செய்து, அது அவருக்குப் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகிறது என்றும் பாருங்கள், ஏனென்றால் நாளை ஒரு வாடிக்கையாளர் இதையேதான் உங்களிடம் கேட்பார். கடைசியாக நண்பரின் கார்டு ஸ்டேட்மெண்டில் உங்கள் கடையின் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று கேளுங்கள். அது அவருக்கே புரியவில்லை என்றால் முதலில் அதை மாற்றிவிட்டுக் கடையைத் திறங்கள்.